கப்பலேறிய மச்சானும் தங்கமணியின் பெருமூச்சும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோவிச்சுக்காதீங்க மக்களே. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் கரண்டு போகிறது, கரண்டு இருந்தால் மூடு போகிறது. ஆனா போன பொங்கல் சமயத்துல வீட்டில் நடந்த ஒரு பேச்சு மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. யாரிடமாவது சொன்னால்தான் அடங்கும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?

தங்கமணியின் அண்ணன், அதாவது என் மச்சான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர் நண்பர்களுக்கு இவ்வளவு நீளமா சொல்லணும், பாண்டிக்காரங்களுக்கு 'சொல்தா' என்று ஒரே வார்த்தை போதும். பாரிசுக்குப் பக்கத்துல வீடு. வருஷத்துக்கு ஒருமுறை குளிருக்குப் பயந்து அண்ணனும் அண்ணியும் உழவர்கரைக்கு வந்து இறங்குவார்கள். பெட்டியில் சாக்லேட்டும் சீஸும் இருக்கும், வாயில் கதை இருக்கும்.

இந்த முறை கொண்டுவந்த கதை பெரிசு. புருஷனும் பொண்டாட்டியும் கப்பல்ல தென்னமெரிக்காவைச் சுத்திட்டு வந்திருக்காங்க. அர்ஜென்டினாவில் புவெனஸ் அய்ரஸ் துறைமுகத்தில் ஏறி, மான்டிவிடியோ, பால்க்லாந்து தீவுகள், ஹார்ன் முனை, உஷுவையா, புன்டா அரினாஸ், அப்படியே அந்தப் பக்கம் பசிபிக் கடலில் ஏறி சிலி நாட்டில் போய் இறங்கியிருக்கிறார்கள். பதினாலு ராத்திரி.

செல்போனை டிவியோட இணைத்துப் படம் காட்டினார். தெருவே எங்க வீட்டுக் கூடத்தில்தான். பெங்குயின் வந்தது, பனிமலை வந்தது, அண்ணி குளிர்கோட்டு போட்டு தலையில் மல்லிகைப்பூ இல்லாமல் நின்ற படம் வந்தது. அதுக்குத்தான் பெண்கள் பக்கம் பெரிய சிரிப்பு.

மச்சானுக்கு நல்லா கதை சொல்ல வரும். பால்க்லாந்துல துறைமுகத்துக்குள்ள பெரிய கப்பல் போக முடியாதாம். தூரத்துல நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்களாம். அன்னைக்குக் காத்து பலமா இருந்ததால யாரையும் இறக்கவில்லை. ஜன்னல் வழியா தீவைப் பாத்துட்டு சாப்பிடப் போயிட்டாங்க. ஹார்ன் முனையிலும் அப்படித்தான், இறங்குவது கிடையாது, கப்பல் பக்கத்துல போய்க் காட்டிவிட்டுத் திரும்பும். 1914-ல பனாமா கால்வாய் திறக்கிறவரைக்கும் அட்லாண்டிக்ல இருந்து பசிபிக் போகிற கப்பல் ஒண்ணு அந்த முனையைச் சுத்தணும், இல்லைன்னா கொஞ்சம் வடக்கே மெகல்லன் ஜலசந்தி வழியா நுழையணும். எத்தனையோ பாய்மரக் கப்பல் அங்கே முழுகியிருக்கு. இப்போ அதே இடத்துல மச்சான் காப்பி குடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்திருக்கிறார்.

எவ்வளவு செலவு என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டுவிட்டார். மச்சான் சொன்ன தொகையில் கூடம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் எடுத்தாராம், அதுதான் விலை கம்மி. சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். குடிக்கிறது, கரையிறங்கி ஊர் சுத்தறது, டிப்ஸ் எல்லாம் தனி. போக வர விமானச் செலவு அதுக்கு மேல.

பெரியவர் தலையை ஆட்டினார். "ஏம்பா, இந்தக் காசுக்கு ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே. வயசான காலத்துல காசி ராமேஸ்வரம் போனாலும் புண்ணியம் உண்டு. தண்ணியப் பாத்துட்டு வர இம்மாஞ் செலவா?"

கூடத்தில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் மனசுக்குள் ஆமாம் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கமணி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். பெங்குயினைப் பற்றி இல்லை, பனிமலையைப் பற்றி இல்லை.

"பதினாலு நாள் அண்ணி அடுப்பத் தொடலீங்க."

அவ்வளவுதான். ஒரு பெருமூச்சு. அடுத்த பாத்திரத்தை எடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். இதில் அவள் அடுப்பைத் தொடாத நாட்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரெண்டு பிரசவம். அவங்க அம்மா செத்தப்போ துக்கநாள். ஒருமுறை டைபாய்டு. திருப்பதி, வேளாங்கண்ணி, குலதெய்வம் கோவில் என்று போனபோதுகூடப் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போனோம். கோவில் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அவளுக்குக் கூடுதல் வேலை. நாம சுற்றுலான்னு சொல்றது வீட்டுப் பொம்பளைக்கு இடம் மாறின சமையற்கட்டு, அவ்வளவுதான்.

அதனாலே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ரெண்டு விஷயம். ஒன்று, புருஷன் பொண்டாட்டி கப்பலில் போய்வருவதைப் 'பணக்காரத் திமிர்' என்று ஒதுக்காதீர்கள். ரெண்டாவது, கடற்கரையில் இருக்கிற நம்ம ஊரு, கப்பல் விஷயத்தில் தப்பான சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொண்ணா வரேன். கும்மி அடிக்கிறவங்க கடைசிவரை படிச்சுட்டு அடிங்க :-)

முதல்ல, கப்பல் பயணம் வெள்ளைக்காரன் பழக்கம் என்கிற பேச்சு. நம்ம ஊர்ல இதைச் சொன்னா கடலே சிரிக்கும். பாண்டிச்சேரி ஆட்கள் சைகோனுக்குப் போனது கப்பலில். காரைக்கால், நாகப்பட்டினம் ஆட்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது கப்பலில். எங்க பெரியப்பா 1970-களின் கடைசியில் மெட்ராசில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். தகரப்பெட்டி, ஊறுகாய் ஜாடி, வாந்திக்கு எலுமிச்சம்பழம். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாகப் படுத்துக்கொண்டு போனதைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் 'சிதம்பரம்' கப்பலின் பூர்வீகம் தெரியுமா உங்களுக்கு? மச்சான் மான்டிவிடியோ, புவெனஸ் அய்ரஸ் என்று ஊர்ப்பேரை அடுக்கியபோது எனக்கு அதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது. அது பிரான்சில் டன்கர்க் நகரத்தில் கட்டி 1966-ல் ஓட ஆரம்பித்த கப்பல். அப்போ அதன் பேர் 'பாஸ்தர்'. நாய்க்கடி ஊசி கண்டுபிடிச்ச அதே லூயி பாஸ்தர்தான். மெஸ்ஸாஜெரி மரித்தீம் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி அதை ஓட்டியது. எந்தத் தடத்தில் தெரியுமா? ஐரோப்பாவில் கிளம்பி ரியோ டி ஜெனிரோ, சான்டோஸ், மான்டிவிடியோ, புவெனஸ் அய்ரஸ். மச்சான் போய்வந்த அதே தென்னமெரிக்கக் கரை!

விமானம் வந்து கப்பல் தொழில் படுத்தபோது, 1972-ல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கியது. அது வ.உ.சி.யின் நூற்றாண்டு. 1872-ல் பிறந்து, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அதுக்காகச் செக்கிழுத்த மனுஷன் பேரை வைத்தார்கள். பிரேசில் காப்பி முதலாளிகள் போன கப்பலில் நம்ம ஊர் மளிகைக்கடை ஆட்களும் கொத்தனார்களும் மலேயா போனார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது, உடைக்க அனுப்பிவிட்டார்கள். அந்தத் தடத்தில் சாதாரண ஜனம் கப்பலேறுவதும் அதோடு முடிந்தது.

ஆக, கப்பலில் போவது நமக்குப் புதுசு இல்லை. பிழைக்கப் போனோம், இப்போ யாராவது சும்மா போனா நமக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பா அந்தக் கப்பலில் தனியாகத்தான் போனார். பெரியம்மா கரையில் நின்றாள். நாலு வருஷம் கழித்துத்தான் அவர் திரும்பினார். புருஷன் கப்பல்ல, பொண்டாட்டி கரையில என்றிருந்த கதை இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுகிற கதையாக மாறியிருக்கு. இதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் மனை விலை பேசுகிறோம்.

இப்போ ஊர் விஷயத்துக்கு வரேன்.

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் ஒரு சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தது ஞாபகம் இருக்கும். கார்டெலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்'. விசாகப்பட்டினம் போய்ப் பாண்டிக்கு வந்து சென்னை திரும்புவதாகத் திட்டம். பாண்டிச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் கேசினோ இருக்கிறது, சூதாட்டம், சாராயம், பண்பாடு கெட்டுவிடும் என்று கட்சிகள் போராட்டம் அறிவித்தன. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனும் பண்பாட்டுக்குக் கேடான எதையும் அனுமதிக்க மாட்டோம் என்கிற மாதிரி சொன்னார். கப்பல் நம்ம கரையைத் தொடாமலே போய்விட்டது.

மூணு வருஷம் கழித்து, 2025 ஜூலை 4-ம் தேதி, அதே கப்பல் விசாகப்பட்டினத்தில் இருந்து வந்தது. இந்தமுறை அனுமதி உண்டு. ஆழம் பத்தாது என்பதால் கப்பல் தூரத்தில் நின்றது. பயணிகளைச் சின்னப் படகுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாயந்திரத்துக்குள் திரும்பிப் போனார்கள். இந்தமுறையும் எதிர்ப்பு. இந்தமுறையும் அதே கேசினோ, அதே பண்பாடு.

ஐயா, நான் குடிக்கிறவன் இல்லை. சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஆனா நம்ம ஊரில் இருந்துகொண்டு, சாராயத்தைக் காட்டிப் பண்பாடு பேசினால் யாராவது நம்புவார்களா? சனி ஞாயிறு ஆனால் தமிழ்நாட்டில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு எதுக்கு வருகிறார்கள், அரவிந்தர் ஆசிரமத்தில் தியானம் பண்ணவா? என் வீட்டில் இருந்து பேருந்து நிலையம் போகிற வழியில் எத்தனை பார் என்று எண்ண ஆரம்பித்தால் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவேன். அதுக்கெல்லாம் கெடாத பண்பாடு, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒரு கப்பலுக்குள்ளே உருளுகிற சூதாட்டச் சக்கரத்தால் கெட்டுவிடுமா?

கப்பலே வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. அதைத்தான் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. கட்டுமர ஆட்களும் விசைப்படகு ஆட்களும் வலை விரிக்கிற இடத்தில் இவ்வளவு பெரிய கப்பல் வந்து நின்றால் வலை அறுந்தால் யார் காசு கொடுப்பது? முகத்துவாரத்தைத் தோண்டி ஆழப்படுத்துகிறேன் என்று ஆரம்பித்தால் மண் எங்கே போகும்? 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல்கொட்டிக் கடலுக்குள் கரை நீட்டினார்கள். தெற்கே இருந்து வடக்கே போகிற மணல் அதில் தடுக்கி நின்றுவிட்டது. விளைவு, வடக்கே இருந்த நம்ம கடற்கரை மணலே இல்லாமல் கருங்கல் குவியலாகக் கிடந்தது. சின்ன வயசில் நான் ஓடி விளையாடிய மணல், என் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் 2018, 19 வாக்கில் கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்துத்தான் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தார்கள்.

வெளிநாட்டிலும் கப்பலை எதிர்க்கிறார்கள். வெனிஸ் நகரத்துக்குள்ளே பெரிய கப்பல் வரக்கூடாது என்று 2021-ல் இத்தாலி தடை போட்டது. அங்கே நடந்த சண்டையில் பேச்சு கட்டடத்தைப் பற்றியும் காயலைப் பற்றியும்தான், கேசினோவைப் பற்றி இல்லை. அந்த மாதிரிக் காரணம் சொல்லிச் சண்டை போட்டால், நானும் கொடி பிடிச்சுக்கிட்டு வரேன். மீன்பிடிக் கிராமத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த நாளில், எந்த வழியில், எத்தனை மணிக்கு, வலை அறுந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கினால் அது சண்டை. பண்பாடு என்று சொல்லிக் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயந்திரம் பாரில் போய் உட்கார்ந்தால் அதுக்கு வேற பேர்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். இந்த 'எம்ப்ரஸ்' கப்பலும் பிரான்சில் கட்டினதுதான். சென் நஸேர் துறைமுகத்தில், 1990-ல். 'சிதம்பரம்' மாதிரியே அங்கே கட்டி, வேறே கடல்களில் ஓடி, வயசான பிறகு நம்ம பக்கம் வந்திருக்கிறது. பிரெஞ்சுக் கப்பல் ரெண்டும் நம்ம கடலுக்கு வந்தன. முதல் கப்பலில் எங்க பெரியப்பா ஏறினார். ரெண்டாவது கப்பலை நாம கரையில நின்னு போட்டோ எடுத்தோம். அம்பது வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றம் இதுதான்.

படகில் ஏறி இறங்குவதும் நமக்குப் புதுசு இல்லை. பாண்டிச்சேரியில் கப்பல் கரையோடு ஒட்டி நின்ற காலமே கிடையாது. தூரத்தில் கப்பல் நிற்கும், சலங்குப் படகில் ஆளையும் சரக்கையும் அலைமேல் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்புறம் 1866-ல் இரும்புத்தூண் நட்டுக் கடலுக்குள் பாலம் போட்டார்கள். 1952 புயலில் அது போய்ச் சேர்ந்தது. காந்தி சிலைப் பக்கம் போனால் தண்ணீருக்கு மேலே துருப்பிடித்து நிற்கிற தூண்களை இன்னும் பார்க்கலாம். செல்பி எடுக்கிற பிள்ளைகளுக்கு அது எதன் மிச்சம் என்று தெரியாது.

இங்கே மச்சானிடம் நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லணும். "தென்னமெரிக்கா வரைக்கும் போனீங்களே, கயேன் பக்கம் போகலியா?" என்றேன்.

"அது வேற கரை மாப்ள, மேல வடக்கே இருக்கு. அந்தக் கப்பல் அங்க போகாது. ஏன்?" என்றார்.

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவருக்கே தெரியவில்லை. கயேன் என்பது பிரெஞ்சு கயானாவின் தலைநகர். இன்றைக்கும் அது பிரான்சின் பகுதிதான். நம்ம இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் பல ஏவப்பட்ட கூரூ அங்கேதான் இருக்கு, 1981-ல் நம்ம 'ஆப்பிள்' போனதும் அங்கிருந்துதான். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் எழுதி ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24-ம் தேதி 'ஒரேலி' என்கிற கப்பல் பாண்டிச்சேரி ஆட்களோடு குவாதலூப் தீவில் போய் நின்றது. அந்த ஒரு தீவுக்கு மட்டும் மொத்தத்தில் சுமார் 42 ஆயிரம் பேர். மார்த்தினிக் தீவுக்குச் சுமார் 25 ஆயிரம். தென்னமெரிக்கக் கரையில் இருக்கிற கயேனுக்கு 1856-ல் இருந்து ஏறத்தாழ எட்டாயிரம் பேர்.

கயேன் போனவர்களில் தோட்டத்தில் செத்தவர்கள் உண்டு, தங்கச் சுரங்கத்தில் செத்தவர்கள் உண்டு. சாவு அதிகமாகி, 1876-ல் கயேனுக்கு ஆள் அனுப்புவதையே பிரிட்டிஷ்காரன் நிறுத்திவிட்டான். பிரிட்டிஷ்காரனே நிறுத்தினான் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இப்போது கயானா என்கிற தனி நாடாக இருக்கிற பிரிட்டிஷ் கயானாவில், மெட்ராசில் இருந்து போனவர்களின் சந்ததி இன்னைக்கும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். பாஷை போய்விட்டது, உடுக்கை போகவில்லை.

இதை நான் மச்சானின் சந்தோஷத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. சொன்னதும் அவர் கொஞ்சநேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவங்களும் இதே மாதிரி கடல்ல எத்தனை நாள் போனாங்க?" என்று கேட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரத்தில் மாசக்கணக்கில் என்றேன். "எங்களுக்கு பதினாலு நாள்ல ஜன்னல் இல்லாத ரூம்னு சலிச்சுக்கிட்டா உன் அண்ணி" என்று தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். ஆனா முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்தமுறை மார்த்தினிக் பக்கம் போகிற கப்பலைத் தேடுவேன் என்று சொல்லியிருக்கிறார். போனால் நல்லது. பெங்குயினைப் பார்க்கப் பதினாலு நாள் செலவழித்தவர், நம்ம சனம் இறங்கின கரையில் ஒருநாள் நின்றுவிட்டு வரட்டும். அதுவும் சேர்ந்ததுதான் சுற்றுலா. என்னைக் கேட்டால் பாண்டிக் கடற்கரையில், அந்தத் துருப்பிடித்த தூண்களுக்கு எதிரில், இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களுக்காக எல்லாருக்கும் புரிகிற தமிழில் ஒரு கல் பெரிசா வைக்கணும். சொகுசுக் கப்பலில் வந்து இறங்குகிறவன் முதலில் அதைப் படிக்கட்டும். குரோசான் அப்புறம் சாப்பிடலாம்.

சரி, அரசாங்கத்தை என்ன கேட்பது? சொகுசுக் கப்பலை விடு, விடாதே என்பது சின்ன விஷயம். நாம கேட்க வேண்டியது சாதாரண ஜனம் ஏறுகிற கப்பல். முடியாத காரியம் ஒண்ணுமில்லை. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்தில் இருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்கிற கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தது. மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப ஓடியது. நின்று நின்று ஓடினாலும் ஓடியது. 1980-களில் அறுந்துபோன கப்பல் தொடர்பு அது. கேசினோ கிடையாது, நீச்சல் குளம் கிடையாது, நாலு மணி நேரத்தில் அக்கரை. அங்கே கல்யாணம் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களும் போகலாம், நல்லூர்க் கந்தனைப் பார்க்கப் போகிற தம்பதியும் போகலாம்.

காரைக்கால் நம்ம மாநிலம்தானே? அங்கே துறைமுகம் இருக்கிறதே? பாண்டிக்கும் காரைக்காலுக்கும் நடுவில் ரோட்டில் இடுப்பொடிந்து போகிற ஜனத்துக்குக் கடல் வழியாக ஒரு கப்பல் என்று எந்தக் கட்சியாவது கொடி பிடித்தால், பண்பாட்டுக்காகப் பிடித்த கொடியை நான் மன்னித்துவிடுகிறேன்.

கடைசியா என் வீட்டுக் கதைக்கு வரேன்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போயிருந்தோம். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று எங்கெங்கேயோ இருந்து சாமியெல்லாம் கடலுக்கு வந்திருந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாமியே வருஷத்துக்கு ஒருநாள் கோவிலை விட்டுக் கடல் பார்க்கக் கிளம்பி வருகிறது. அதுவும் வள்ளி தெய்வானையோடு! கூடத்தில் மனை விலை பேசிய எதிர்வீட்டுப் பெரியவரும் அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். 'பெரியவரே, சாமிக்கு இம்மாஞ் செலவு எதுக்கு'ன்னு கேக்க வாய் துடிச்சுது. கேட்கவில்லை.

தங்கமணி கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் ஏதோ சரக்குக் கப்பல் ஒன்று சின்னதாய்த் தெரிந்தது.

"தென்னமெரிக்கா நம்மால ஆகாது," என்றேன்.

"நான் கேட்டனா?" என்றாள்.

"யாழ்ப்பாணம் போலாமா? கப்பல்லயே. நாலு மணி நேரந்தான். அங்க நாலு நாள் இருப்போம். ஓட்டல்லதான் சாப்பாடு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நான் கொடுத்து நிறைவேற்றாத வாக்குறுதிகளின் எண்ணிக்கை அப்படி. கொஞ்சநேரம் கழித்து, "பாஸ்போர்ட்டு வேணுமே, எனக்கு இல்லையே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இருக்கிறது. பத்து வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையாக ஒருமுறை சிங்கப்பூர் போகலாம் என்றபோது எடுத்தது, போகவில்லை, ஆனா எடுத்தேன். அப்போது அவளுக்கும் சேர்த்து எடுக்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உலகம் சுற்றுகிறார். தங்கச்சி பேரில் ரேஷன் கார்டு ஒன்றுதான்.

போன வாரம் விண்ணப்பம் போட்டாச்சு. போட்டோ எடுக்கப் போன இடத்தில், சிரிக்கக்கூடாது என்று அந்தப் பையன் மூணு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட் வரட்டும், கப்பல் ஓடுகிற நாளாகப் பார்த்து டிக்கெட் போட்டுவிடலாம். போய்வந்து எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வீட்டம்மாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கா? பதிலைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. பொய் சொன்னா உங்க தங்கமணிகிட்டயே கேட்டுடுவேன் :-)